அவர் எவராயினும்

சம்பா கார்டன் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு, தீர்மானம் போடத் தேவையான ஆள்கணக்கு, அதாவது கோரம், சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. செத்தவர்கள் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் சேர்ந்தது.

தஞ்சாவூரிலிருந்து பூதலூர் போகும் சாலையில், சம்பா விளைந்த நிலத்தில் விளைச்சலை நிறுத்திவிட்டுக் கட்டிய நகர் அது. பெயரை மட்டும் நிறுத்தவில்லை. முன்னால் சாலையைப் பார்த்து ஒரு பெரிய கேட். பின்னால் வாய்க்காலையும், அதற்கப்பால் இன்னும் விற்காமல் மிச்சமிருக்கும் வயல்களையும் பார்த்து ஒரு சின்ன கேட். வயலுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் முன்பெல்லாம் பெரிய வரப்பில் நேராக நடந்து வந்து சாலையில் பஸ் ஏறுவார்கள். அந்த வரப்பு இப்போது மூன்றாவது குறுக்குத் தெரு. ஆகையால் பின்கேட்டைக் காலையில் பால் கொண்டுவருகிறவர்களுக்கும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் திறந்துவிட்டு, அவர்கள் போனதும் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு சாலைக்குப் போக வேண்டியவர்கள் வாய்க்கால் கரையோடு போய், மதகைத் தாண்டி, ஊரையே சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

சங்கத்தின் தலைவர் நெடுஞ்செழியன், கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றாரே தவிர, தீர்மானங்களிலிருந்து பெறவில்லை. வீட்டில் சாம்பாரா ரசமா என்பதைக்கூட முன்மொழிந்து வழிமொழிந்துதான் முடிவு செய்வார் என்று பேச்சு. அப்பேர்ப்பட்டவர் மாதாமாதம் காலி நாற்காலிகளைப் பார்த்து, "கோரம் இன்மையால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று தனக்குத் தானே அறிவித்துவிட்டு வீடு திரும்புவதைப் பார்க்கச் சகிக்காமல், பொருளாளர் மீரா உசேன் ஒரு யோசனை சொன்னார். மீரா உசேன் துபாயில் இளமையைக் கழித்துவிட்டு வந்து டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கடையில் சும்மா கிடந்த புரொஜெக்டரைச் சங்கத்தின் ஹாலில் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து ஏதாவது பார்க்கலாம், பார்த்து முடித்த கையோடு கூட்டத்தையும் நடத்திவிடலாம் என்றார்.

அப்படி வந்ததுதான் 'கடைசி மாடி' என்ற தொடர். கொரியாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஊரெல்லாம் ஒரு நோய் பரவி, செத்தவர்கள் எழுந்து வந்து கடிக்கிறார்கள். கடிபட்டவர்களும் கொஞ்ச நேரத்தில் செத்து, எழுந்து, கடிக்கிறார்கள். மிஞ்சியவர்கள் கடைசி மாடியில் கதவை அடைத்துக்கொண்டு யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று சண்டை போடுகிறார்கள். தமிழ் டப்பிங்கில் கொரியாக்காரர்கள் அத்தனை பேரும் மெட்ராஸ் பாஷை பேசினார்கள். முதல் வாரமே ஹால் நிரம்பிவிட்டது. குடியிருப்போர் சங்கம் ஒன்று இவ்வளவு கஷ்டப்படுவதை சம்பா கார்டன்காரர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

சுடர்விழி இந்தக் கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாள். கல்லூரி முடித்து, அரசாங்கத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு, புத்தகத்துக்குள் வேறு புத்தகத்தை வைத்துப் படிக்கிறவள். அந்த வேறு புத்தகங்கள் எல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். பனி பெய்யும் ஊர்களில் குற்ற உணர்ச்சியோடு நடக்கிறவர்களின் கதைகள். அவற்றைப் படித்துப் படித்து அவளுடைய பேச்சிலேயே ஒரு மொழிபெயர்ப்பு வாடை வந்துவிட்டது. ஒருநாள் ரசத்தில் உப்பு இல்லை என்பதற்கு, "இந்த ரசத்திடம் ஏதோ ஒன்று விடைபெற்றுப் போய்விட்டது" என்று சொல்லி அம்மாவிடம் கரண்டியால் ஒன்று வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்குப் பூதலூரில் உரக்கடை. அவர்கள் சம்பா கார்டனில் வாடகைக்கு இருந்தார்கள். வாடகைக்காரர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. ஆனால் பேசலாம். பேசினால் கைதட்டுவார்கள். சுடர்விழிக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் கைதட்டல்தான் ஆரம்பம்.

விவாதங்கள் முதலில் சாதாரணமாகத்தான் இருந்தன. சத்தம் கேட்டால் பிணங்கள் வரும் என்று தொடரில் காட்டியதும், அபாய காலத்தில் குக்கர் விசிலுக்குத் தடை என்று ஒரு தீர்மானம் ஆயிற்று. திருவையாறு ஆராதனையில் கோஷ்டியோடு பாடுவதற்காகத் தினமும் சாதகம் செய்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டரிடம், இப்போதிலிருந்தே பழகிக்கொள்ளும்படியும், வாயை மட்டும் அசைத்துப் பாடும்படியும் கேட்டுக்கொண்டார்கள். அவரும் ஒத்துழைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு நிம்மதி இருந்ததில்லை என்று அவர் மனைவி சங்கத்துக்கு நேரில் வந்து நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் தீட்டுப் பிரச்சினை வந்தது. செத்தவர் எழுந்து நடக்கிறார் என்றால் கருமாதிக்கு நாளை எதிலிருந்து எண்ணுவது? முதலில் செத்த நாளிலிருந்தா, இரண்டாவது தடவை தலையில் அடித்துச் சாய்த்த நாளிலிருந்தா? எங்கள் பக்கம் மையத்தை, அதாவது பிணத்தை, அன்றைக்கே எடுத்துவிடுவோம், அது தானாக எழுந்து போய்விட்டால் என்ன சட்டம் என்று ஜமாஅத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்றார் மீரா உசேன். ஹாலில் பாதிப் பேர் பென்ஷன்தாரர்கள். அவர்களில் ஒருவர், அப்படி எழுந்து நடக்கிறவர் நேரில் போய் உயிர்வாழ் சான்று கொடுக்க முடியுமா என்று கேட்டார். நேரில் வரவேண்டும் என்றுதான் அரசாணை சொல்கிறதே தவிர, எந்த நிலையில் வரவேண்டும் என்று சொல்லவில்லை என்று தலைவர் விளக்கம் தந்ததும் ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொந்தளிப்பு, மருமகள் காட்சிக்குத்தான். கடிபட்டுத் திரிந்துபோன மாமனார் கையை நீட்டிக்கொண்டு வருகிறார். மருமகள், "டேய், கிட்ட வராத" என்று கத்திவிட்டுத் தீயணைப்பு சிலிண்டரால் அவர் மண்டையில் போடுகிறாள். ஹாலே அதிர்ந்துபோயிற்று. சிலிண்டருக்காக இல்லை.

"அடிச்சது சரிங்க. வேற வழியில்ல," என்றார் மீரா உசேனின் மனைவி கமருன்னிஸா. "அதுக்காக மாமனாரைப் போயி டேய்ங்கிறதா? வராதீங்க மாமான்னு சொல்லிட்டு அடிச்சா அடி விழாதா?"

அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது. கடிபட்டவரிடம், அவர் முழுவதும் மாறி முடிகிற வரைக்கும், மரியாதையாகத்தான் பேச வேண்டும். 'வராதீங்க', 'தள்ளி நில்லுங்க', 'கையை எடுங்க' என்று மாதிரிச் சொற்களும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன.

இந்த விவாதங்களையெல்லாம் ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவளும் அவள் புருஷன் வைரக்கண்ணுவும் குத்தகைக்கு நிலம் வைத்திருந்தார்கள். இரண்டு மாடும் உண்டு. காலையில் நகருக்குள் வந்து வீடு வீடாகப் பால் ஊற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பால் காசு வாங்குகிற சாக்கில் சாயங்காலமும் முன்கேட் வழியாக வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொடரைப் பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. ஹாலிலேயே ஈவிரக்கம் இல்லாத ரசிகை அவள்தான். கதவுக்கு வெளியே யாராவது கெஞ்சினால், "தள்ளு வெளிய. அழுவுறான்னு பாக்காத, நைட்டுக்கு உன்னையத்தான் திம்பான்" என்று ஜன்னலிலிருந்து தீர்ப்பு வந்துவிடும். சுடர்விழிக்கு அவளைப் பிடிக்கும். மறுநாள் காலையில் பால் வாங்கும்போது இருவரும் வீட்டு வாசலிலேயே நின்று தொடரைப் பற்றிப் பேசுவார்கள். தொடரில் மருந்து தேடி வெளியே போயிருக்கிற அந்த டாக்டர் பொண்ணு மட்டும் சாகக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

பிறகுதான் வாயிலுக்கான விதி வந்தது.

கொரியாவில் அத்தனை பேரும் செத்ததற்கு ஒரே காரணம், அவர்களுடைய சங்கத்துக்குத் துணைவிதி இல்லாததுதான் என்று தலைவர் முடிவு கட்டியிருந்தார். சம்பா கார்டனில் அந்தத் தவறு நடக்கக்கூடாது. யாரை உள்ளே விடக்கூடாது என்று எழுதிவிட வேண்டும். எழுதுவதற்கு ஒரு சொல் வேண்டும். 'ஜாம்பி' என்று துணைவிதியில் எழுத முடியாது, ஆங்கிலம். 'நடைப்பிணம்' என்றார் ஒருவர். மாதச் சம்பளம் வாங்குகிற எல்லாரையும் அது குறிக்கும் என்று இன்னொருவர் ஆட்சேபித்தார். 'பிணம்' என்று மட்டும் போட்டால், உள்ளூர்ப் பிணங்களின் உரிமை பாதிக்கப்படும். விவாதம் வடையும் டீயும் தாண்டிப் போயிற்று.

சுடர்விழி எழுந்தாள். பிணமாகும் வரைக்கும் காத்திருப்பதே தவறு என்றாள். வாசலில் நிற்கும்போது அவர் நம்மைப் போலவேதான் இருப்பார், நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்றாள். அவள் படித்த நாவல்களில் யாரோ ஒரு பாதிரியாரோ, வைத்தியரோ பேசுகிற தோரணை அவளுக்கு அப்போது வந்திருந்தது. "ஆகவே சொல், 'கடிபட்டவர்' என்று இருக்கட்டும்," என்றாள். ஹால் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி அவளுக்கு ருசித்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. "கடிபட்டவர் எவரும், அவர் எவராயினும், என்று இருக்கட்டும்."

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. அந்த 'அவர் எவராயினும்' விதிக்குத் தேவையே இல்லை. 'எவரும்' என்றாலே முடிந்தது. ஆனால் அதில் ஒரு தாளம் இருந்தது. வீட்டுக்கு நடந்துபோகும்போது சுடர்விழி அதை மூன்றாவது குறுக்குத் தெரு முழுக்க மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அடுத்த வாரமே பின்கேட்டுக்கு மேலே பலகை ஏறியது. மஞ்சளில் கறுப்பு எழுத்து. 'கடிபட்டவர் எவரும், அவர் எவராயினும், தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி உள்ளே அனுமதிக்கப்படார்.'

பலகை வந்தால் ஒத்திகை வரும். ஐப்பசி மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு சனிக்கிழமை பிற்பகல் அதற்குக் குறிக்கப்பட்டது. பிணமாக நடிப்பதற்கு ஆள் வேண்டும். சொந்த வீட்டுக்காரர்கள் பிணமாவது முறையில்லை என்பதால் அந்தப் பொறுப்பு, ஓட்டில்லாத வாடகைக்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் முகத்தில் கோலமாவும் குங்குமமும் பூசிக்கொண்டு வாய்க்கால் கரையிலிருந்து பின்கேட்டை நோக்கி உறுமிக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் உள்ளே நிற்க வேண்டும். வாடகைக்காரி என்றாலும், விதியை எழுதியவள் என்ற முறையில் சுடர்விழிக்கு விலக்கு கிடைத்தது. அவளை வாயில் பொறுப்பாளர் ஆக்கி, சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்தி, பின்கேட் சாவியை அவள் கையில் கொடுத்தார்கள்.

தலைவர் ஹால் வாசலில் நாற்காலி போட்டு, மைக்கைப் பிடித்துத் தொடக்கவுரை ஆற்றினார்.

"நாம் யாரையும் வெறுக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்கின்ற ஒவ்வொருவரும் நமது சகோதரர்தான். சகோதரர் எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் இந்தச் சங்கம் முடிவு செய்கிறது. இன்றைக்கு யார் வந்து எப்படி அழுதாலும் கேட் திறக்கக்கூடாது. திறக்கத் தோன்றும். அது மனித இயல்பு. மனித இயல்பை வெல்வதற்குத்தான் துணைவிதி."

பிணங்கள் வந்தன. உரக்கடைக்காரரான சுடர்விழியின் அப்பாவும் அதில் ஒருவர். ஒரு கையைத் தொங்கவிட்டு, காலை இழுத்துக்கொண்டு, மகளைப் பார்த்து உறுமினார். உள்ளே சிரிப்பு. சுடர்விழியும் சிரித்துக்கொண்டே, "வராதீங்கப்பா" என்றாள். மாதிரிச் சொல். கைதட்டினார்கள்.

அந்தப் பிணங்களுக்கு நடுவே அம்சவல்லி வந்தாள். வைரக்கண்ணு அவளை இடுப்பில் அணைத்துப் பிடித்திருந்தான். அவள் தலையில் புல்லுக்கட்டு இருந்த சும்மாடு அப்படியே இருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. கணுக்காலுக்கு மேலே துண்டால் கட்டு.

"பாப்பா, தெறம்மா," என்றாள். "கடிச்சிடுச்சு."

உள்ளே இருந்தவர்கள் ஆரவாரித்தார்கள். பால்காரம்மாவையும் சேர்த்துவிட்டார்களா, யார் ஏற்பாடு, எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

சுடர்விழி, "தள்ளி நில்லுங்கக்கா" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள்.

"வெளையாட்டு இல்ல தங்கச்சி," என்றான் வைரக்கண்ணு. அவன் குரல் உயரவே இல்லை. "புல்லறுக்கும்போது போட்டுருச்சு. விரியன். ரோட்டுக்குப் போனா ஆட்டோ புடிச்சிருவேன். கேட்ட மட்டும் தெற."

அப்போது சுடர்விழிக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பின்னாளில் அவள் எத்தனையோ விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்தாள், தெரியவில்லை, குழப்பமாக இருந்தது, எல்லாரும் நடிப்பு என்றார்கள் என்று. இல்லை. அம்சவல்லியின் காலைப் பார்த்தாள். வீக்கத்தைப் பார்த்தாள். கோலமாவு இல்லாமலேயே வெளுத்திருந்த முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது. சாவி கையில் இருந்தது. பூட்டு ஒரு முழத்துக்குள் இருந்தது. முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திறந்து, அது நடிப்பாக இருந்துவிட்டால் சிரிப்பார்கள். விதியை எழுதியவளே முதல் அழுகையில் ஏமாந்தாள் என்பார்கள். அந்த நினைப்புக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதுதான் அவளை வெகுநாள் தூங்கவிடாமல் செய்தது. அம்சவல்லி கம்பிக்கு இடையில் கையை நீட்டியபோது, ஒரு கணம், நிஜமாகவே அவளைப் பார்த்து பயந்தாள்.

"இருங்கக்கா, தலைவர்கிட்ட கேட்டுட்டு வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தலைவர் மைக்கை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. உடனே அனுமதி தருவதாகச் சொன்னார். ஆனால் எதன் அடிப்படையில்?

"கடிபட்டதா அவங்களே ஒத்துக்கிறாங்களா?"

"பாம்பு கடிச்சிருக்கு சார்."

"சரிம்மா. விதியில பாம்புக்கு விலக்கு இருக்கா? 'அவர் எவராயினும்'னு நீதானே எழுதுன." அவர் சங்கத்தின் லெட்டர்பேடை வரவழைத்தார். பேனா எழுதவில்லை. வேறு பேனா வந்தது. 'மனிதாபிமான அடிப்படையில், இதனை ஒரு முன்னுதாரணமாகக் கொள்ளாமல்' என்று ஆரம்பித்து அழகான கையெழுத்தில் எழுதினார். மனுதாரரின் கணவர் பெயர் கேட்டார். வைரக்கண்ணுவுக்கு எந்த 'ர', எந்த 'ன' என்று கேட்டுச் சரிபார்த்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரை பொருளாளர் வீட்டில் இருந்தது.

முத்திரையை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மீரா உசேன் மேல்சட்டை இல்லாமல் வெளியே வந்து, எதற்கு முத்திரை என்று கேட்டார். சொன்னதைக் கேட்டுவிட்டு முத்திரையைத் தேடவில்லை. டைல்ஸ் ஏற்றுகிற வேனை எடுத்துக்கொண்டு முன்கேட் வழியாகப் போய்விட்டார்.

முத்திரை இல்லாத அனுமதியோடு சுடர்விழி பின்கேட்டுக்குத் திரும்பி ஓடிவந்தாள். சாவி ஒருமுறை கீழே விழுந்தது. எடுத்து, பூட்டைத் திறந்து, கேட்டை அகலத் திறந்தாள்.

வெளியே யாரும் இல்லை. பிணங்கள் மட்டும் வாய்க்கால் கரையில் வரிசையாக நின்றிருந்தன, இனி நடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல். ஒரு செருப்பு கிடந்தது. அவளுடைய அப்பா முகத்துக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே, "மதகு வழியா சுத்திப் போயிட்டாங்கம்மா" என்றார். "நாங்க சுவர் ஏறித் தூக்கி விட்டுர்றோம்னு சொன்னோம். அவன் உன்னைய நம்பிக் கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்."

மதகுக்கு அப்பால் சாலையில் வைத்து மீரா உசேன் அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் அம்சவல்லி பிழைத்துக்கொண்டாள். காலில் சதையை வெட்டி எடுத்தார்கள். சிறுநீரகத்துக்கும் வைத்தியம் நடந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாக மீரா உசேன் வந்து சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு அவர் சங்கத்துக்கு வரவில்லை. புரொஜெக்டரை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

சுடர்விழி ஒரு பை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பஸ்ஸில் போகும்போது, கட்டிலின் அருகே மண்டியிட்டு, அந்தக் கையைப் பற்றி, 'நான் உங்களுக்குச் செய்தது மன்னிக்கப்பட முடியாதது' என்று சொல்வதாக மனதில் எழுதிப் பார்த்தாள். நாவல்களில் அப்படித்தான் செய்வார்கள். வார்டு வாசலில் நின்றபோது, மண்டியிட்டால் பக்கத்துக் கட்டில்காரர்கள் என்ன தவறி விழுந்தது என்று கேட்பார்கள் என்று தோன்றிற்று. பார்வையாளர் நேரம் முடியப் போகிறது என்றார்கள். அவளுக்கு அதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டு, பையை வைரக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவன் நன்றி சொன்னான். அவன் திட்டியிருக்கலாம்.

பொதுக்குழு கூடியது. நல்ல கோரம்.

"நடந்தது வருந்தத்தக்கது," என்றார் தலைவர். "ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமது வாயில் ஒருமுறைகூடத் தவறவில்லை. நிஜமாகவே ஒருவர் கடிபட்டு, நிஜமாகவே அழுது, நிஜமாகவே கெஞ்சியும், விதி நின்றது. கொரியாவில் இது முடியவில்லை. தஞ்சாவூரில் முடிந்திருக்கிறது."

விளக்கத் திருத்தம் ஒன்று கொண்டுவரப்பட்டது. 'கடிபட்டவர்' என்பதிலிருந்து பாம்பு, தேள், நட்டுவாக்காலி ஆகியவற்றால் கடிபட்டவர் நீங்கலாக. நாய்க்கு விலக்கு தரலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. தேள் கடிக்குமா, கொட்டுமா என்று ஒருவர் கேட்டார். ஜாம்பி பாம்பைக் கடித்து, அந்தப் பாம்பு மனிதரைக் கடித்தால் அவர் எந்தப் பிரிவில் வருவார் என்று இன்னொருவர் கேட்டார். அதை ஆராயத் துணைக்குழு அமைத்தார்கள்.

சுடர்விழி எழுந்தாள். இந்தத் தடவை அவளுக்கு எந்தத் தோரணையும் வரவில்லை.

"சாவி என் கையிலதான் இருந்துச்சு," என்றாள். "எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சும் நான் தெறக்கல."

ஹால் அமைதியாயிற்று. அதே அமைதி. பிறகு யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். எல்லாரும் தட்டினார்கள். தெரிந்திருந்தும் திறக்கவில்லை என்பதுதான் கட்டுப்பாடு, இந்தப் பெண்ணிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தலைவர் தழுதழுத்தார். வாயில் பொறுப்பாளரைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேறியது. பொன்னாடை தயாராக இருந்தது. போர்த்தும்போது அது கழுத்தில் குத்தியது. அவள் வேண்டாம் என்று சொன்னாள். தன்னடக்கம் என்றார்கள்.

அன்றைக்கே 'கடைசி மாடி'யின் கடைசிப் பகுதியையும் போட்டார்கள். டாக்டர் பொண்ணு மருந்தைக் கொண்டுவந்து கடைசி மாடிக் கதவைத் தட்டுகிறாள். அவள் கையில் ஒரு கீறல். கடியா, கம்பி கிழித்ததா என்று உள்ளே ஓட்டெடுப்பு நடக்கிறது. கதவு திறக்கவில்லை. தட்டுகிற சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நிற்கிறது. அத்தோடு தொடர் முடிந்துவிட்டது. ஹாலில் அழாதவர் இல்லை. கமருன்னிஸா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சண்டாளனுங்க," என்றார். "ஒரு கதவு. திறந்தா என்ன கொறஞ்சு போகும்?"

சுடர்விழி ஜன்னலைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

தை பிறந்து அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் வாசலில் மணி அடித்தது. அம்சவல்லி பால் கேனோடு நின்றாள். இத்தனை நாள் வைரக்கண்ணுதான் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். பின்கேட் அந்நேரத்துக்குத் திறந்தேதான் இருந்தது. ஆனால் அவள் வந்தது முன்கேட் பக்கமிருந்து. அந்தக் காலை வைத்துக்கொண்டு மதகையெல்லாம் சுற்றி வந்திருக்கிறாள். ஏன் என்று சுடர்விழி கேட்கவில்லை. கேட்காமலே அம்சவல்லி சொன்னாள், சுற்றி வந்தே பழகிவிட்டது என்று.

சுடர்விழி பாத்திரத்தை நீட்டினாள். சொல்ல வேண்டியதை மனதில் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் மொழிபெயர்ப்பாகவே வந்தது.

அம்சவல்லி பாலை அளந்து ஊற்றினாள். கொசுறு விட்டாள். பிறகு, ரொம்ப நாளாக வைத்திருந்த கேள்வியைப் போலக் கேட்டாள்.

"ஆமா பாப்பா, அந்தக் கடைசி வாரம் நான் பாக்கல. டாக்டர் பொண்ணு என்னாச்சு? கதவத் தெறந்தானுவளா?"

சுடர்விழி பாத்திரத்தைப் பார்த்தாள். நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

"தெறந்துட்டாங்கக்கா," என்றாள். "தட்டுன உடனே தெறந்துட்டாங்க."

"உடனேயேவா?"

"உடனேயே."

அம்சவல்லி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கேனின் மூடியைத் திருகி மூடினாள். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப அது கதைதான்," என்று சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து அடுத்த வீட்டுக்குப் போனாள்.